என் முகத்தோடு முன்னால் போனவன்

அல்லிநகரத்தில் நான் நடத்துவது மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே நான்கு சுவரிலும் நிலைக்கண்ணாடி பதித்திருக்கிறேன். ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கள் முகம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தது. என் அண்ணன் செத்துப்போன பிறகு அந்தக் கடையைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நானும் அவனும் இரட்டையர்கள். ஒரே அச்சு. ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டால், இடது பக்கச் சுவரிலிருந்து அவன் என்னைப் பார்ப்பான். வலது பக்கம் திரும்பினால் அங்கேயும் நிற்பான். கொஞ்ச நாள் கண்ணாடிகளின் மேல் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் கடையைக் காலி செய்கிறேனா என்று கேட்க ஆரம்பித்ததால் கிழித்துவிட்டேன்.

சில நிமிடங்கள் முன்னால் பிறந்ததால் அவன் அண்ணன். வெளியாட்களிடம்தான் அண்ணன், தம்பி எல்லாம். எங்களுக்குள் 'ஏலே' மட்டும்தான். எதையும் அவன்தான் முதலில் செய்வான். சைக்கிள் ஓட்டியதும், பள்ளிக்கூடச் சுவர் ஏறியதும், கல்யாணம் செய்ததும் அவன்தான் முதலில். வீரபாண்டி தடுப்பணையில் முதலில் குதித்துவிட்டு, தலையைத் தூக்கி, "ஆழம் இல்லலே, வா" என்று கத்துவான். அதற்குப் பிறகுதான் நான் குதிப்பேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. ஒருத்தன் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்வது எவ்வளவு வசதி.

சின்னமனூரில், வீட்டோடு சேர்ந்த கடையில், அவனுக்குச் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம். திராட்சைத் தோட்டம், வாழைத் தோட்டம் என்று பள்ளத்தாக்கு முழுக்க அலைவான். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் குழாய் பதிக்கப் போனபோது, ஒருவர் ஓடைக்குள் நின்றுகொண்டு சாட்டை வீசுவதுபோல் தூண்டிலை முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது.

அந்தத் தூண்டிலில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் செய்த சின்னக் கொக்கி. அதைத் தண்ணீர்மேல் உண்மையான பூச்சி வந்து உட்காருவதுபோல் இறக்க வேண்டும். டிரவுட் என்ற மீன் ஏமாந்து மேலே வந்து கவ்வும். நம் ஊர்த் தண்ணீரில் அது உயிரோடு இருக்காது. ஐஸ் மாதிரி குளிர்ந்த மலை ஓடை வேண்டும். மூணாறுக்கு மேலே, வரையாடுகள் மேயும் தேசியப் பூங்காவை ஒட்டி அப்படி ஓர் ஓடை இருக்கிறது, அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போனால் பிடிக்க விடுவார்கள், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று அவன்தான் விசாரித்துச் சொன்னான்.

"பிடிச்சுட்டுத் திரும்ப விடுறதுக்கா அம்புட்டுத் தூரம்?" என்று கேட்டேன்.

"நீ கண்ணாடிக் கடையிலேயே கெடந்து மக்கிப் போவ. சித்திரையில போறோம். மாசி, பங்குனியில வரையாடு குட்டி போடுற நேரம், பூங்காவ மூடிருவாக. தொறந்த ஒடனே போயிரணும்."

அதற்குப் பிறகு என் போனில் அவன் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் பைக்கை ஓரம் கட்டிப் பேசியவை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். "ஏலே, உல்லன் சாக்ஸ் வாங்கிரு. தண்ணிக்குள்ள நிக்கணும்." "ஏலே, மயிலாடும்பாறையில ஒரு தோட்டத்துல மயிலெறகு கொட்டிக் கெடந்துச்சு, பொறுக்கிட்டு வந்துட்டேன். பூச்சி கட்ட இதவிட ஒசத்தி கெடையாது." "ஏலே, ஒனக்கும் சேத்து ரூம் சொல்லியாச்சு. பின்வாங்குன, மவனே..." எல்லாம் என் குரல். அவன் உயிரோடு இருந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. அவன் போன பிறகு அந்தப் பதிவுகளை ஓட விட்டால், நானே எனக்குத் திட்டம் சொல்வதுபோல் இருக்கும்.

ஐப்பசி மழை நடுவில் வெயில் அடித்த ஒரு நாள், தேவாரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வால்வு மாட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலடியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, அவனைத் தூக்கி வந்த தோட்டக்காரர் வராந்தாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் "கர்த்தாவே" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் கையில் அண்ணனுடைய செருப்பு இருந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் இருந்த முகத்தை நான் பார்த்தேன். தன் பிணத்தைத் தானே பார்ப்பது எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது.

சர்ச்சில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தவர்கள் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். மதினி, அதாவது அவன் மனைவி, என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகும் அப்படித்தான். நான் வீட்டுக்குப் போனால் அடுப்படியிலிருந்தே பேசுவார். டம்ளரை என் முன்னால் வைக்கும்போதும் தரையைத்தான் பார்ப்பார். அது எனக்குப் புரிந்ததாக நினைத்தேன். செத்தவனின் முகம் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் யாரால் பார்க்க முடியும்? போவதைக் குறைத்துக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மூணாறு விடுதிக்காரர்.

"சார், சித்திரைக்கு ரூம் சொல்லியிருந்தீங்க. உங்க இன்னொரு நம்பர் சுவிட்ச் ஆஃப்னு வருது. வர்றீங்கதானே?"

"நீங்க யாருன்னு நெனச்சுப் பேசுறீங்க?"

அவர் சிரித்தார். "இந்தக் குரல் தெரியாதா சார்?"

சொல்லியிருக்கலாம். அவர் இறந்துவிட்டார், ரூமை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்கலாம். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். "வர்றோம்" என்று சொன்னான். நான்தான் சொன்னேன். ஆனால் அதைச் சொன்னது அவன் என்றே அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒசரத்துக்குப் போயி, குளிர் தண்ணிக்குள்ள நின்னு, ஒங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா? ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்பு. டாக்டரு சொன்னத மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், நீங்களும் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். நான் பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப்போட்டிருந்தேன். என் நெஞ்சுக்குள் அவனுடைய சாவு ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நம்பினேன். மாடிப்படி ஏறினால் துடிப்பை எண்ணுவேன். படுக்கும்போது இடது பக்கம் திரும்ப மாட்டேன். மனைவி விடவில்லை, பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லை. நல்ல இதயம். மலை ஏறலாம்" என்றார்.

மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை. ஒரே உடம்பு என்று நினைத்திருந்த ஒன்று எந்த இடத்தில், எப்போது இரண்டானது? வெளியில் வந்து ஆட்டோ பிடிக்கும்போது, அவனை எங்கோ பாதியில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது.

தூண்டிலை வாங்க மதினி வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்ததும் அவன் வளர்த்த நாய் ஓடி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்தது, என் முழங்காலில் முகத்தை வைத்தது, மோந்து பார்த்தது. பிறகு மெதுவாகப் பின்வாங்கி, பைக் நிறுத்தும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. மதினி தூண்டில் பையையும், பூச்சிகள் வைத்த சின்ன டப்பாவையும், பச்சை மழைக்கோட்டையும் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார்.

"இதையும் எடுத்துக்கங்க. அங்கன மழை வரும்னு சொன்னாக," என்றார், கோட்டைப் பார்த்துக்கொண்டே.

"வேண்டாம்னா போகல மதினி."

"போங்க. அவுக ஆசப்பட்டது."

அவ்வளவுதான் பேச்சு.

வீசத் தெரியாமல் அங்கே போய் நிற்க முடியாது. அவன் பழகிய இடத்திலேயே பழகலாம் என்று, சின்னமனூருக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு வயலுக்குப் போனேன். தண்ணீரே இல்லாத வயலில் அவன் தூண்டில் வீசுவதைப் பார்த்து ஊரே சிரித்த இடம் அது. வீசக் கற்றுத்தரும் வீடியோவைப் போனில் ஓட விட்டு, அறுத்த தாள்களின் நடுவில் நின்று வீசினேன். நூல் என் காதிலும் தோளிலும் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் வரப்பில் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தார். என் வயது இருக்கும்.

"என்னண்ணே, ரொம்ப நாளாக் காணோம்? நானும் ஏலக்காட்டு வேலைக்கி மலைக்கிப் போயிட்டு முந்தாநேத்துத்தான் வந்தேன். மீனு மாட்டுச்சா?"

சிரித்துக்கொண்டே கேட்டார். இவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

"மாட்டும் மாட்டும். தண்ணியில போட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தபடி ஆடுகளோடு போனார். அவர் போகிறவரை நான் அசையவில்லை. அந்த ஒருத்தரின் கணக்கில் அவன் இன்னும் இருந்தான். ஊருக்குள் போனதும் யாராவது சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு அவர் இந்த வயலைக் கடக்கும்போது என்ன நினைப்பார் என்று யோசித்தபோது, வெயிலிலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளிலிருந்து வேறு வயலுக்குப் போனேன்.

சித்திரையில் கிளம்பினோம். தனியாக விட மாட்டேன் என்று மனைவியும் வந்தாள். போடி தாண்டி மலை ஏற ஏற, பள்ளத்தாக்கு புகைபோல் கீழே போனது. போடிமெட்டில் காரை நிறுத்தி டீ குடித்தோம். கம்பத்துப் பக்கம் வெயில் தகதகவென்று கிடக்க, எங்கள் தலைக்கு மேல் குளிர் காற்று. மூணாறு போய்ச் சேர்ந்து, அவளை விடுதியில் விட்டுவிட்டு, மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு நான் மட்டும் ஓடைக்குப் போனேன். குளிருக்காக அண்ணனின் பச்சைக் கோட்டைப் போட்டிருந்தேன்.

செக்போஸ்ட் பக்கத்தில் விடுதிக்காரர் ஏற்பாடு செய்த வழிகாட்டி காத்திருந்தார். தேயிலை எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. தூரத்திலிருந்தே கையைத் தூக்கினார்.

"சாரே! வாங்க வாங்க. என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க? உடம்பு சுகமில்லையா?"

விடுதிக்காரர் என்றால் போனில் குரல் கேட்டவர். இவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

"தம்பி எங்கே சாரே? அடுத்த தடவை தம்பியைக் கூட்டிட்டு வருவேன்னு அன்னிக்கே சொன்னீங்கல்லோ. வரலையா?"

அண்ணன் இங்கே வந்திருக்கிறான். என்னிடம் சொல்லாமல், தனியாக வந்திருக்கிறான்.

"தம்பி வந்திருக்கான்," என்றேன். எப்படி அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை.

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வண்டியில இருக்காரா?"

நான் நடக்க ஆரம்பித்தேன். அவரும் கூடவே வந்தார். ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் புல்மேடு, பள்ளங்களில் சோலைக்காடு. மூடுபனி வந்து மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. போகிற வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். "இந்தக் கல்லுலதான் போன தடவை வழுக்கி விழுந்தீங்க, ஞாபகம் இருக்கா?" "இங்கனதானே உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டோம்?" நான் ஒருபோதும் மிதிக்காத பாதையில் என் காலடிகள் எனக்கு முன்னாலேயே கிடந்தன. பாறையைப் பார்த்தால் அதில் நான் உட்கார்ந்திருந்தேன். மரத்தைப் பார்த்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். இதற்கு மேல் தாங்காது என்று ஆனபோது ஓடை வந்துவிட்டது.

"அண்ணே, நான்தான் அந்தத் தம்பி," என்றேன். "நாங்க ரெட்டப்புள்ளைக. இங்க வந்தது என் அண்ணன். ஐப்பசியில எறந்துட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு அப்படியே பாறையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான் பாட்டுக்கு உளறிட்டே வந்தேனே சாரே," என்றார்.

"இல்லண்ணே. சொல்லுங்க. அவன் என்ன செஞ்சான், எல்லாத்தையும் சொல்லுங்க."

புரட்டாசியில் மழை கொஞ்சம் விட்டபோது வந்திருக்கிறான். மதினியிடம் குமுளிக்குக் குழாய் வேலையாகப் போவதாகச் சொல்லியிருந்த நாளாக இருக்க வேண்டும். அன்று முழுக்க ஓடையில் நின்றிருக்கிறான். "அவருக்கு ஒரு மீன்கூட மாட்டல, கேட்டோ. நூலைப் பூரா மரத்துல சிக்க வச்சுட்டாரு. ஒரே கோபம். அப்புறம் சிரிச்சாரு. 'தம்பிய இங்க கூட்டிட்டு வந்தா நான்தான் கத்துக் குடுக்கணும், அதான் முதல்லயே வந்து பழகிக்கிறேன். அவன்கிட்ட சொல்லிராதீங்க. அவனுக்குப் பொறுமை ஜாஸ்தி, ஒழுங்காப் புடிச்சிருவான்'னு சொன்னாரு."

பிறகு போனை எடுத்து ஒரு படத்தைத் தேடிக் காட்டினார். இதே ஓடை. இதே கோடு போட்ட பாறை. இந்தப் பச்சைக் கோட்டில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போனைத் திருப்பிக் கொடுக்க என் கை வரவில்லை. நான் இல்லாத இடத்தில், நான் இல்லாத நாளில், நான். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குச் சொந்தமில்லை. அப்படி வாயைத் திறந்து நான் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது.

தண்ணீரில் காலை வைத்தேன். குளிர் எலும்பில் ஏறியது. ஆழம் தெரியவில்லை, மூடுபனி ஓடையின் மேலேயே படர்ந்திருந்தது. எங்கிருந்தோ "ஆழம் இல்லலே, வா" என்று கேட்கும் என்று ஒரு கணம் சத்தியமாகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்பதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. வழிகாட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு மேல வேண்டாம் சாரே. இங்கேயே நில்லுங்க."

அண்ணன் கட்டிய மயிலிறகுப் பூச்சியைத்தான் மாட்டினேன். வீசினேன். எத்தனை தடவை என்று தெரியாது. சூரியன் உச்சிக்கு வந்து பனி விலகிய நேரத்தில், பூச்சி தண்ணீரில் உட்கார்ந்த இடம் சட்டென்று உடைந்தது. கோல் வளைந்தது. என் கைக்குள் ஓர் உயிர் இழுத்தது.

"விடாதீங்க, இழுக்கவும் இழுக்காதீங்க!" என்று அவர் கத்தினார். கரைக்குக் கொண்டுவந்ததும், "கையை நனைச்சுக்கங்க. காஞ்ச கை பட்டா மீனுக்கு ஆகாது," என்றார். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகள், பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வாலை ஒரு முறை வீசியது. கை காலியாகிவிட்டது.

"ஏலே," என்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே வழிகாட்டி நின்றிருந்தார்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு விஷயத்தை அவனுக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியாத நாளில் அது நடந்திருக்கிறது. கரையில் உட்கார்ந்து அழுதேன். ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை. அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டு தூண்டிலைத் துடைத்தார். கிளம்பும் முன், கேட்காமலேயே, அந்தப் பாறைப் பக்கத்தில் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். இரண்டு படங்களையும் என் போனுக்கு அனுப்பினார்.

ஊருக்குத் திரும்பியதும் மதினி வீட்டுக்குப் போனேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியதால், அவன் குமுளிக்குப் போகவில்லை, மூணாறு ஓடைக்குத்தான் போயிருந்தான் என்று சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை.

"எங்கிட்டயே பொய்யா? குமுளியில ஒரே மழைன்னு கத வேற சொன்னாக!" என்றார். அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டார். குரலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

போனை நீட்டினேன். எந்தப் படம் யாருடையது என்று சொல்லாமல்தான் நீட்டினேன். எனக்கே சட்டென்று தெரியாத படங்கள். மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விரலால் தொட்டார். "இது அவுக."

"எப்படி மதினி?"

"எப்படின்னா? அவுக அவுகதான." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒங்களப் பாக்க முடியாமத்தான் நான் குனிஞ்சுக்கிட்டே இருக்கேன்னு எல்லாரும் நெனைக்கிறாக. ஒங்க மொகம் அவுக மொகம் மாதிரி இருக்குன்னு. அது இல்ல. எனக்கு ஒரு நாளும் நீங்க அவுக மாதிரித் தெரிஞ்சதே இல்ல. கேட் சத்தம் கேட்டு நிமிந்து பாத்தா, அவுக இல்லங்கிறது அந்த நிமிஷமே தெரிஞ்சு போகுது. ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சு போகுது. அதான் பாக்குறதில்ல."

இத்தனை மாதம் அவன் முகத்தைச் சுமந்துகொண்டு, எல்லாருக்கும் பேயாக நடமாடுகிறேன் என்று நினைத்து ஒதுங்கியிருந்தேன். அவனை நன்றாகத் தெரிந்த ஒருத்தருக்கு நான் வெறும் நான்தான். ஆறுதலா, அடியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மதினி அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பிறகு, "மீனு எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன்.

"இம்புட்டுக்கா இந்தப் பாடு!" என்றார். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுகளுக்கு அதுவுங்கூட மாட்டலையாக்கும்," என்றார்.

கோயம்புத்தூரில் படிக்கும் தன் மகள் லீவுக்கு வரப் போகிறாள், அவளுக்கு இந்தப் படத்தை என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டலாமா, தனியாகக் காட்டலாமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ ஒரு விவசாயி பைக்கை நிறுத்தி, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அண்ணே, பைப் இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் கடையை மூடியாச்சு என்று சொல்ல எழுந்து போனேன்.